பால் டின் எத்தனை நாள் வருகிறது?

5 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லாமல் பால்மாவு மட்டும் கொடுத்தால் 900 கிராம் டின் ஒன்று எட்டு, ஒன்பது நாளில் காலியாகிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு டின் 25 நாள் வந்தது. சிங்கப்பூரில், துவாஸ் தொழிலாளர் டோர்மிட்டரி படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா சிக்கனமாக நடத்துகிறார், அனுப்புகிற காசு வீணாகவில்லை என்று நினைத்தேன். பிள்ளை அரைப்பட்டினியாகக் கிடக்கிறான் என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிய மூன்றரை மாதம் ஆனது. புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, அரியலூர்ப் பக்கத்திலிருந்து மனைவியையும் கைக்குழந்தையையும் கிராமத்தில் விட்டுவிட்டு இங்கே வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஒருவராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்று நான் ஏங்கிய விஷயங்களை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தவறு பிரசவத்தன்றே தொடங்கிவிட்டது. தனியார் மருத்துவமனை, ஆபரேஷன், பையன் 2.8 கிலோ. அன்று சாயங்காலமே "தாய்க்குப் பால் ஊறலை, டின் வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. நானும் இங்கிருந்து "வாங்குங்க, காசு போடுறேன்" என்றுதான் சொன்னேன். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 முதல் 7 மில்லிதான் கொள்ளும். அதற்குப் போதுமான சீம்பால் பிரசவத்துக்கு முன்பே மார்பில் இருக்கும். அது மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும்; அதைப் பார்த்துத்தான் பால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ளையாகப் பெருகி வருவது மூன்றாம் நாளுக்கு மேல், ஆபரேஷன் என்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் சில நாளில் குறைவதும் சகஜம், இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடும். பால் போதுகிறதா என்று தெரிய அழுகையைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஈரத்துணியை எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் போதுகிறது என்று அர்த்தம். முதல் நாளே பாட்டிலில் 30 மில்லி ஏற்றிவிட்டால் பிள்ளை வயிறு முட்டித் தூங்கிவிடும். சப்பாத மார்பில் சுரப்பு குறையும். குறைந்ததைப் பார்த்து இன்னொரு பாட்டில் கலக்குவார்கள். எங்கள் வீட்டில் பத்தே நாளில் தாய்ப்பால் ராத்திரிக்கு மட்டும் என்றாகிவிட்டது.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் ஆபரேஷன்தான். அதனால் ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆபரேஷன் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுவீர்களா, பக்கத்தில் நின்று பிடித்துக் கொடுப்பது யார்? முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்துத்தான் இருப்பார், முடியும். ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையைக் கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டோ கொடுத்தால் தையல் மேல் பாரம் விழாது. கூட ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். தனியாகப் படுத்திருக்கும் தாயால் முதல் இரண்டு நாள் இதைச் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், உரமருந்து என்று வரிசையாக வரும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே செயலிழக்க வைக்கும். உரைகல், அதைக் கழுவும் தண்ணீர், தொட்டு வைக்கும் விரல் மூன்றுமே பேதிக்கு வழி. பெரியவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. "ஆறு மாசம் தண்ணிகூட வேணாம்னு நர்ஸ் அக்கா சொல்லிட்டாங்க" என்று பழியை நர்ஸ் மேல் போட்டுவிடுங்கள், கேட்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் பழத்தையும் குறைப்பதையும் அப்படியே நிறுத்தலாம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு வழக்கத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும், சுமார் 500 கலோரி. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் அந்தக் கணக்கில் நல்லதுதான், தாராளமாகக் கொடுக்கட்டும்.

இனி என் பங்குக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போய் முதலில் நான் வாங்கியது தள்ளுபடியில் இருந்த மூன்றாம் எண் டின் இரண்டு, தலா 36 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டின்னில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்களை நான் தரம் என்று நினைத்துவிட்டேன். அவை வயது. 1 என்பது பிறப்பிலிருந்து ஆறு மாதம், 2 என்பது ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம், 3 என்பது ஒரு வயதுக்கு மேல். மூன்றாம் எண் பாலின் புரதமும் உப்பும் பிறந்த குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிகம். ஒரு வயதுக்குக் கீழான பால்மாவை விளம்பரம் செய்ய இங்கே கட்டுப்பாடு உண்டு, அதற்கு மேற்பட்ட வயதுக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால்தான் மூன்றாம் எண்தான் நம் கண்ணில் அதிகம் படும். விலை அதிகமான டின்னில் சத்து அதிகம் என்பதும் தவறு. 2017-ல் சிங்கப்பூரின் வணிகப் போட்டி ஆணையம் ஆராய்ந்தபோது 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்து ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி 56 வெள்ளியைத் தாண்டியிருந்தது. ஆனால் இங்கே விற்க அனுமதி பெற்ற குழந்தைப் பால்மாவு எல்லாமே அடிப்படைச் சத்து விதிகளை நிறைவேற்றியாக வேண்டும். டின் கட்டாயமாகத் தேவைப்பட்டால் விலை குறைந்ததை வாங்குங்கள், அதுவே போதும்.

அடுத்து அளவுக் கரண்டி. இதை நிதானமாகப் படியுங்கள், எங்களை முடக்கியது இதுதான். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஊர் டின்னில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர். நான் அனுப்பிய டின்னில் கரண்டி பெரிது, ஒரு கரண்டிக்கு 60 மில்லி. பழைய சின்னக் கரண்டி கழுவித் துடைத்து அலமாரியில் இருந்தது. புது டின் கரண்டி மாவுக்குள் புதைந்து கிடந்தது. என் அம்மா சின்னக் கரண்டியால் அள்ளி, புது டின்னில் போட்டிருந்தபடி 60 மில்லி ஊற்றினார். பால் பாதிக்குப் பாதி நீர்த்துப்போனது. நாளைக்கு 500 மில்லி குடித்தும் பையன் உடம்பில் சேர்ந்தது 250 மில்லியின் சத்துதான். அதனால்தான் டின் 25 நாள் ஓடியது. இங்கே கடைகளில் இருக்கும் டின்களிலேயே பிராண்டுக்குப் பிராண்டு கரண்டி மாறும். ஆகவே டின் மாறினால் பழைய கரண்டியைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். டின் மேல் தமிழில் "1 கரண்டி = இத்தனை மில்லி" என்று பெரிதாக எழுதி ஒட்டி அனுப்புங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டு, பிறகு தலை தட்டிய கரண்டியாக மாவு போட வேண்டும். நீர்த்த பாலை நாள்கணக்கில் கொடுத்தால் எடை ஏறாது. இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரைக்கும்கூடப் போகலாம். விலை உயர்ந்த சாமான் என்று தெரிந்தால் கிராமத்தில் யாருக்குமே கை அளந்துதான் அள்ளும், அதையும் மனதில் வையுங்கள்.

தண்ணீர் இன்னொரு கண்ணி. பால்மாவு கிருமியற்ற பொருள் இல்லை. நன்றாகக் கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகை சூட்டுக்குக் குறையாமல் இருக்கும்போதே கலந்து, அப்புறம் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் காலையில் கொதிக்கவைத்த தண்ணீர் பிளாஸ்கில் மத்தியானம் வரை இருக்கும், மிச்சம் வைத்த பாலும் அடுத்த வேளைக்குப் போகும். பாட்டிலைச் சுத்தம் செய்ய நான் இங்கிருந்து 69 வெள்ளிக்கு மின்கருவி ஒன்று அனுப்பினேன். மின்சாரம் நின்று நின்று வந்ததால் அது பரணுக்குப் போய்விட்டது. ரப்பரின் உள்ளே பால் படலம் ஒட்டியிருப்பதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பாட்டிலைவிட நம் ஊர்ச் சங்கும் பாலாடையும் எவ்வளவோ மேல். வாய் அகலம், மூலை முடுக்கு கிடையாது, ஒரு கொதியில் சுத்தமாகும். சாய்த்து ஊற்றிவிடாமல் உதட்டில் வைத்து, பிள்ளையை அதுவாக உறிஞ்ச விட வேண்டும்.

14-வது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை 4.7 கிலோ. மூன்று மாத ஆண் குழந்தைக்கு நடுத்தர எடை 6.4 கிலோ, 5 கிலோவுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். தாய் சேய் நல அட்டையில் பச்சைப் பட்டைக்குக் கீழே, மஞ்சளில் புள்ளி விழுந்தது. வீடியோ காலில் நான் தினமும் பார்த்த கன்னம் உப்பலாகத்தான் இருந்தது! அதே வாரம் பேதி. "பல் முளைக்கப் போகுது, அதான்" என்று இரண்டு நாள் விட்டுவிட்டார்கள், பாலையும் குறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் உச்சிக்குழி உள்வாங்கி, கண் குழிந்து, மருத்துவமனையில் சேர்த்தபோது எனக்கு இரவு ஷிப்ட். சைட்டில் இரும்புக் கம்பி கட்டிக்கொண்டே வாட்ஸப்பில் டிரிப்ஸ் ஏறும் அந்தச் சின்னக் கையைப் பார்த்தேன். உடனே கிளம்ப லீவும் கிடைக்கவில்லை, கையில் டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. அந்த இயலாமையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டின், கருவி, கார்கோ கூலி எல்லாம் சேர்ந்து 400 வெள்ளி, மருத்துவமனைக்கு 18,500 ரூபாய். மொத்தத்தில் கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம்.

பேதி ஆனால் பாலை நிறுத்தக் கூடாது, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கணும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்குவது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கூடவே துத்தநாக மருந்து 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி நின்றவுடன் மருந்தை நிறுத்திவிடுவார்கள், 14 நாளும் முடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

கரண்டிக் குளறுபடியைக் கண்டுபிடித்தது கிராமச் செவிலியர்தான். "டின் எத்தனை நாள் வருது?" என்று அவர் கேட்ட ஒரே கேள்வியில் எல்லாம் வெளியே வந்தது. தாய்ப்பாலைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று சொன்னவரும் அவரே. நாங்கள் யாரும் நம்பவில்லை. முறை இதுதான். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, ராத்திரி உட்பட, பிள்ளையை மார்பில் போட வேண்டும். சுரப்புக்கான ஹார்மோன் இரவில்தான் அதிகம், அதனால் ராத்திரியை விட்டுவிடக் கூடாது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்கணும். காம்பை மட்டும் சப்பினால் தாய்க்கு வலிக்கும், பால் வராது. பால் வராமல் பிள்ளை கோபப்பட்டால் சரியாகக் கலந்த பாலைக் கரண்டியால் மார்பின் மேல் சொட்டுச் சொட்டாக வழியவிட்டால் தொடர்ந்து சப்பும். பால்மாவைச் சடாரென்று நிறுத்தாமல், சில நாளைக்கு ஒருமுறை 50 மில்லியாகக் குறைத்து, வாராவாரம் எடை பார்த்துக்கொண்டே போனோம். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் என் மனைவி வயலுக்கும் போகவில்லை, அடுப்படிக்கும் போகவில்லை. என் அம்மாதான் சமைத்தார். இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால் எந்த முறையும் பலித்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். தாய்ப்பால் பெரும்பாலும் தாயின் நேரத்தைப் பொறுத்தது. நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போனால் பிழிந்து மூடிவைத்த பாலை நிழலில் நாலு மணி நேரத்துக்குள் சங்கால் கொடுத்துவிட வேண்டும்; நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் நம்பாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு. நம் கிராமத்தில் நடக்கும் பெரிய தவறு தண்ணீர்க் கஞ்சி. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்குச் சுமார் 200 மில்லிதான் பிடிக்கும். அதை வடிகஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு வளராது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் நிற்கிற பதம் வேண்டும். மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து, கையாலோ மத்தாலோ மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட வேண்டும். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயே 45 கலோரி. மிக்சியில் தண்ணீர் ஊற்றி அடித்தால் மறுபடியும் கஞ்சிதான் ஆகும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி, மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து அதே அரைக்கிண்ணம் நாலு வேளை வரை, இடையில் ஒரு பழமோ முட்டையோ. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக்கிண்ணம். பிள்ளைக்குத் தனிக்கிண்ணம் அவசியம். பெரியவர் தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது.

கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவை வீட்டில் வைத்திருங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாளில் முளை வந்ததும் உலர்த்தி அரைக்க வேண்டியதுதான். பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடணும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கெட்டியான கூழில் ஒரு கரண்டி சேர்த்தாலே இளகும். தண்ணீர் சேர்க்காமலே பிள்ளை விழுங்கும் பதம் வந்துவிடும். முட்டை மாந்தம், மீன் ஆகாது, வாழைப்பழம் சளி என்பார்கள். ஆறு மாதத்திலிருந்தே நன்றாக வெந்த முட்டையும், முள் நீக்கிய மீனும் கொடுக்கலாம், தள்ளிப்போடத் தேவையில்லை. புதுக்கோட்டைப் பக்கம் விளையும் நிலக்கடலையை வழுவழுப்பாக அரைத்துச் சேர்க்கலாம், முழுக்கடலை தொண்டையை அடைக்கும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், மாட்டுப்பால் முக்கியப் பானமாக வேண்டாம். டீ எந்த வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மேலே சொன்ன குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து டானிக், ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ, இரண்டும் இலவசம். டானிக் குடித்தால் மலம் கருக்கும், அதைப் பார்த்துப் பயந்துதான் பல வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள்.

பால்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை பிள்ளைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் வாங்க மறுத்தார்கள். "சிங்கப்பூர்க்காரன் புள்ளைக்குப் பால்வாடி மாவா?" என்று தெருவில் பேசுவார்களாம். வாங்கியதும் மாட்டுத்தொட்டிக்குப் போனது. இந்தக் கௌரவத்துக்குப் பின்னால் இருப்பது நாம்தான். டின்னும் மைலோவும் சாக்லேட்டும் அனுப்பி அனுப்பி, வெளிநாட்டுச் சாமான்தான் உசத்தி என்று பழக்கிவிட்டோம். நானே அம்மாவிடம் பேசினேன்: "நீங்க உங்க கையால கிண்டிக் கொடுங்கம்மா, நான் வீடியோவில் பார்க்கிறேன்." மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து நிமிடமாவது கொதிக்கவைத்து, நெய் விட்டு, இறுகிய பதத்தில் ஊட்டினால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். இப்போது டின்னுக்குப் போன 42 வெள்ளி முட்டைக்கும் மீனுக்கும் தனியாக மனைவி கணக்குக்கே போகிறது. ஊர் விலைக்கு அது ஏறக்குறைய 400 முட்டை. பணம் யார் கையில் போகிறது என்பதும் பிள்ளை தட்டைத் தீர்மானிக்கும், அதை வீட்டில் மனம் நோகாமல் பேசி முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

போனில் "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று கேட்டால் நல்லா இருக்கான் என்றுதான் பதில் வரும். நான் இப்போது மாதாமாதம் எடை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எடை போன மாதத்தைவிட ஏறாமல் நின்றாலே, பச்சையில் இருந்தாலும், செவிலியரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல், மேல்கையின் நடுவில் அளந்த சுற்றளவைக் கேளுங்கள்: 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவலை, 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே மருத்துவமனை. ஊட்டிய கிண்ணத்தை ஊட்டும் முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள். பையனுக்கு இப்போது 14 மாதம், 9.1 கிலோ, பச்சைப் பட்டையில் இருக்கிறான். போன வாரம் பக்கத்துப் படுக்கைத் தம்பி, அவன் மனைவிக்கு எட்டாம் மாதம், டின் வாங்க முஸ்தபா கடைக்குத் துணைக்குக் கூப்பிட்டான். போகவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, பிரசவத்தன்று தையலோடு படுத்திருக்கும் அவளுக்குப் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்க அவள் அக்கா வர முடியுமா என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டோம். இரண்டு ராத்திரி தங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.